சத்தமில்லாமல் பார்த்த படம்

எங்கள் வீட்டில் ஆங்கிலப் படம் பார்ப்பதென்றால் அது என் வேலை. மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று, திரையின் அடியில் வரும் மலாய் வரிகளை வாசித்து உடனுக்குடன் தமிழில் சொல்வேன். அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் மலாய் பேசுவார்கள். பாசாரில் மலாயில் சண்டைகூடப் போடுவார்கள். ஆனால் அதையே எழுதிக் காட்டினால் சுவரில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து இரண்டாம் மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள் அவர்கள். நான் பள்ளியில் நான்காம் ஆண்டு. அந்த வீட்டில் என்னைவிடப் படித்தவர் யாருமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களும் அதை மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன்.

ஒரு ரகசியம் இருந்தது. சில வரிகள் நான் வாசித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். சில சொற்களுக்கு அர்த்தமும் தெரியாது. அப்போதெல்லாம் நானே ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவேன். இரண்டு பேர் வாய்ச்சண்டை போடும் காட்சியில் ஒருவருக்கொருவர் சாப்பாடு பற்றி விசாரிப்பதாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. தெரியவில்லை என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருடம் எங்கள் கிள்ளான் நகரைப் புகைமூட்டம் மூடியது. காடு எரிவது எங்கோ கடலுக்கு அப்பால் என்றார்கள். ஆனால் எங்கள் அடுக்குமாடியின் நான்காவது மாடியிலிருந்து எதிர் புளோக்கைக்கூடப் பார்க்க முடியவில்லை. முதலில் அதன் கூரை போனது, பிறகு சன்னல்கள் போயின, பிறகு துணிக்கொடிகள் மட்டும் காற்றில் எதிலும் கட்டப்படாமல் தொங்கின. நண்பகலில் சூரியன் வேகாத முட்டையின் மஞ்சள்போல இருந்தது. அதை நேருக்கு நேர் பார்க்கலாம். கண் கூசாது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அம்மா ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை, அப்பா கையுறைத் தொழிற்சாலையில். இருவரும் முகமூடியை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் நானும் சித்தப்பாவும் மட்டும் இருப்போம்.

சித்தப்பா எங்களோடு தங்கியிருந்தது அந்த நாட்களில்தான், மற்றபடி வந்துபோவார். லோரி ஓட்டுபவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பந்திங்கில் ஓர் அறையில் தங்கியிருந்தார். ஒரு நாள் காலை ஒரு பையுடன் வந்து நின்றார். புகையில் லோரி ஓட்ட முடியவில்லை என்றார். நான் நம்பினேன், ஏனென்றால் அது பொய்யில்லை. மீதியை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மீதி எனக்குத் தெரிவதற்கு ஆறு வருடங்கள் ஆயின. ஆனாலும் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவோடு வேலை செய்த இன்னொரு லோரிக்காரர் இருந்தார். நான் அவரைப் பந்திங் அங்கிள் என்பேன். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உப்பும் புளிப்புமாக ஊறிய மாங்காய்ப் பொட்டலம் கொண்டுவருவார். சித்தப்பாவுக்கு எழுதத் தெரியாததால் இரண்டு பேருடைய பயணத் தாள்களையும் அவர்தான் நிரப்புவார். இடுப்பு வலிக்கும் நாட்களில் தன்னுடைய பயணத்தைச் சித்தப்பாவை ஓட்டச் சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருப்பார். தாளில் தன் பெயரையே எழுதிவைப்பார். முதலாளி தவுக்கேவுக்குத் தெரியாது. பல வருடங்களாக இப்படித்தான் நடந்தது. புகைமூட்டத்தின் முதல் வாரத்தில் அப்படியொரு நாள், விடிந்தும் விடியாத வேளையில், பந்திங் சாலையில் சித்தப்பா ஓட்டிய லோரி ஒரு மோட்டார் சைக்கிளை இடித்தது. அடிபட்டவர் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சித்தப்பா இறங்கிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து போலீஸ் லோரியைக் கண்டுபிடித்தது. தவுக்கே தாளை எடுத்துக் காட்டினார். பந்திங் அங்கிளைக் கொண்டுபோனார்கள்.

அவர் லாக்கப்பில் இருந்த அந்த நாட்களில்தான் நானும் சித்தப்பாவும் படம் பார்த்தோம்.

மதியம் இரண்டரைக்கு ஒரு சேனலில் பழைய படங்கள் போடுவார்கள். பள்ளிக்கூடம் இருந்தால் நான் பார்த்தே இருக்க மாட்டேன். அன்றைக்குக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மருந்துக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். கடைக்காரன் தலை நன்றாக வாரிய, களைத்த முகமுள்ள ஆள். சன்னல் மறைப்பின் நிழல் அவன் முகத்தில் கோடுகோடாக விழுந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடிச் சன்னலின் பட்டைகளும் சித்தப்பாவின் முகத்தில் அப்படியே கோடு போட்டிருந்தன. நான் அதைக் கவனித்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கதை இதுதான். கடைக்காரன் கவனமில்லாமல் மருந்தை மாற்றிக் கலந்து கொடுத்துவிடுகிறான். குடித்த கிழவர் செத்துப்போகிறார். கடைப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தில் இருப்பது உதவியாளனின் கையெழுத்து. போலீஸ் உதவியாளனைப் பிடித்துக்கொண்டு போகிறது. கடைக்காரன் சொல்லிவிடலாம் என்று தொப்பியை எடுக்கிறான். நீளக் கையுறை போட்ட ஒரு பெண் அவன் கையிலிருந்து தொப்பியை வாங்கி மறுபடி ஆணியில் மாட்டுகிறாள்.

இதுவரை வந்தபோது சித்தப்பா எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார்.

"ஏன் சித்தப்பா?"

"அவனுங்க இங்கிலீஷ்ல கத்துறது எதுக்கு. நீ சொல்லு, போதும்."

அதன்பிறகு வீட்டில் என் குரல் மட்டும்தான். வெள்ளை முகங்கள் வாயைத் திறந்து மூடின. நான் சொல்லும்போது அவை பேசின; நான் மூச்சு விட நிறுத்தினால் அவையும் ஊமையாக என்னைப் பார்த்தன. வெளியே கார்ச் சத்தம் கிடையாது, குருவிச் சத்தம் கிடையாது. புகை எல்லாவற்றையும் வாங்கிவைத்துக்கொண்டிருந்தது. "எனக்கு எதுவும் தெரியாது ஐயா, நான் அன்றைக்குக் கடையிலேயே இல்லை" என்று ஒன்பது வயதுக் குரலில், கடைக்காரனாக, நான் போலீஸ்காரரிடம் சொன்னேன். சித்தப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை அல்ல.

பாதியில் நிறுத்திவிட்டார்கள். மீதி நாளைக்கு என்று எழுத்து வந்தது.

"நாளைக்கா?" என்றார் சித்தப்பா. "அவன் என்னா செய்வான்னு நீ நெனைக்கிற?"

"மாட்டிக்குவான்."

"ஏன்?"

"படத்துல மாட்டிக்குவாங்க."

அவர் அதற்குப்பின் அன்று முழுவதும் சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க அங்கே எதுவுமில்லை, வெறும் வெள்ளை. வீட்டுக்குள்ளேயே முகமூடியை மாட்டியிருந்தார். மூச்சு விடும்போது அது உள்ளே போய் வெளியே வந்தது. அது மட்டும்தான் அவரிடம் அசைந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் பேச்சுக்குரல் கேட்டு எழுந்தேன். அப்பா வேலைக்குப் புறப்பட்டு நின்றார்.

"நீ போய் சொல்லாட்டி அவன் கதி என்னடா?"

"ரெண்டு நாளு பார்ப்போம்ணே."

"எதைப் பாக்குறது?"

"அவனையே விட்டுருவாங்க. ஒண்ணும் செய்யாதவன எத்தனை நாளு உள்ள வச்சிருப்பாங்க."

"விடாட்டி?"

அப்பாவும் படம் பார்த்திருக்கிறார், தொழிற்சாலையில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளே போய், "இன்னைக்கு ரெண்டரைக்குத் தெரிஞ்சிரும்பா" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் கையிலிருந்த கோப்பை அங்கேயே நின்றது. சித்தப்பாவின் முகம் என்னவோபோல் ஆனது. பேயைக் கண்டவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்போல என்று பின்னால் தோன்றியது. அப்போது, படிப்பாளியின் பேச்சைக் கேட்டு அசந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"யாரு சொன்னா ஒனக்கு?" அப்பாவின் குரல் கீழே போயிருந்தது.

"டிவியில போட்டாங்க."

சித்தப்பா மெதுவாக உட்கார்ந்தார். "படம்ணே. அது படத்தச் சொல்லுது" என்றார். அப்பா கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார். அவர் அப்படிச் செய்ததில்லை.

இரண்டரைக்கு முன்பே சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். புகை அன்று இன்னும் அடர்த்தியாக இருந்தது. பகலிலேயே விளக்குப் போட்டிருந்தோம். விளக்கைச் சுற்றியும் புகை தெரிந்தது. படத்தில் கடைக்காரன் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொன்னான், அதைக் காப்பாற்ற ஒரு தாளைக் கிழித்தான், அதைக் காப்பாற்ற உதவியாளனின் தாயிடமே போய் ஆறுதல் சொன்னான். அந்தத் தாய் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லும் இடத்தை நான் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கடைசிக் கட்டம். கடைக்காரன் கடையில் தனியாக நிற்கிறான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நிழல் வருகிறது. அப்போது எங்கள் வீட்டு இரும்புக் கேட்டை யாரோ தட்டினார்கள்.

நான் படம் தட்டியது என்றே நினைத்தேன். சத்தம் இல்லாத படம் எப்படித் தட்டும் என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. சித்தப்பா எழுந்துவிட்டார். ஓசையே இல்லை. அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று, விரலை உதட்டில் வைத்து, "இல்லன்னு சொல்லு" என்று வாயை மட்டும் அசைத்தார். படத்தில் வருகிறவர்கள்போலவே.

கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சிவந்திருந்தன, அந்த நாட்களில் எல்லோருடைய கண்ணும் சிவப்புதான். அவளுக்குப் பின்னால் நடைபாதையே இல்லை. புகையிலிருந்து நேராக வந்து நிற்பவள்போல இருந்தாள். பந்திங் அங்கிளின் மனைவி என்பது குரலைக் கேட்டபின்தான் தெரிந்தது.

"சித்தப்பா இருக்காராம்மா?"

"இல்ல ஆன்டி."

"எங்க போயிருக்காரு?"

அந்தக் கேள்விக்குச் சித்தப்பா பதில் சொல்லித் தரவில்லை. நானே நிரப்பினேன். "பந்திங் போயிருக்காரு."

"பந்திங்கா. நான் அங்கேருந்துதான் வரேன்."

அவள் கண்கள் கீழே போயின. கேட்டுக்கு வெளியே நீலப் பட்டையுள்ள சிலிப்பர் கிடந்தது. சித்தப்பாவிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான்.

"இது யாரோடது?"

"அப்பாவோடது."

"அப்பா வேலைக்குப் போயிட்டாரா?"

"போயிட்டாரு ஆன்டி."

"வெறுங்காலோடயா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்:

"சித்தப்பா வந்தா சொல்லும்மா. அங்கிள் இவரு பேர இன்னும் சொல்லல. 'அவனா வருவான், நான் சொல்ல மாட்டேன்'னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்காரு. நான் சொல்றேன்னு சொன்னதுக்கு என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. அதான் வந்தேன். அத மட்டும் சொல்லிரு."

"சரி ஆன்டி."

"நல்லாப் படிக்கிறியா?"

"படிக்கிறேன்."

அவள் தலையாட்டினாள். இரண்டு அடி போனதும் உருவம் மங்கியது, நான்காவது அடியில் காணவில்லை. படியிறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் நான்கு மாடிக்கும் கேட்டுக்கொண்டேயிருந்தது.

நான் திரும்பியபோது திரையில் பெயர்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. படம் முடிந்துவிட்டது. சித்தப்பா திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றார்.

"சித்தப்பா, அந்த ஆன்டி ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க..."

"படத்துல என்னாச்சு?"

"அங்கிள் வந்து..."

"படத்துல என்னாச்சுன்னு கேட்டேன்."

எனக்குத் தெரியாது. கதவருகில் நின்றபடி ஓரக்கண்ணால்கூடத் திரையைப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டவர் சித்தப்பா. சொல்ல வேண்டியவள் நான். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு அவர் முகம் அன்றைக்கு எனக்குப் பிடித்த முகமாக இல்லை. அதைப் பழையபடி ஆக்க வேண்டும்போல இருந்தது.

"அந்த ஒதவியாள விட்டுட்டாங்க" என்றேன்.

"யாரு விட்டா?"

"ஜட்ஜு. இவன் ஒண்ணும் செய்யல, வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாரு."

"அப்ப கடைக்காரன்?"

"கடைக்காரன் பேச்சே வரல. அவன் கடையத் தெறந்து வச்சிக்கிட்டு இருக்கான். எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அவன் யார்கிட்டயும் சொல்லலயா?"

"சொல்லத் தேவயில்லாம போச்சு சித்தப்பா."

அவர் பிறகு உள்ளே போய் முகம் கழுவினார். அன்று நன்றாகச் சாப்பிட்டார். அம்மா ஆச்சரியப்பட்டு இரண்டாம் முறை சோறு போட்டாள். அப்பா அவர் தட்டைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைத் தள்ளிவைத்தார்.

பிறகு மழை வந்து புகையைக் கழுவிக்கொண்டு போனது. எதிர் புளோக் அதே இடத்தில் இருந்தது. சித்தப்பா வேறொரு தவுக்கேவிடம் லோரி ஓட்டப் போனார். போவதற்கு முன் என்னைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் கூட்டிப்போய், புத்தகக் கடையில் இருந்ததிலேயே தடிமனான மலாய் ஆங்கில அகராதியை வாங்கிக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை புத்தகக் கடைக்குள் நுழைந்ததில்லை. கடைக்காரரிடம், "அண்ணன் மவ. ரொம்ப நல்லாப் படிக்கும்" என்றார். நான் அந்த அகராதியைப் பல்கலைக்கழகம் வரைக்கும் வைத்திருந்தேன். இன்றும் இருக்கிறது.

பந்திங் அங்கிள் வீட்டுக்கு வரவில்லை. வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். எனக்குப் பதினைந்து வயதானபோது அம்மா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அங்கிள் கடைசிவரை சித்தப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. சிறைக்குப் போய் வந்தார், லைசென்ஸ் போனது, இடுப்பும் போனது, மனைவியின் ஊரோடு போய்விட்டார்கள். அம்மா ஒவ்வொரு துணியாக அடுக்கி வைத்தாள். நான் அந்த மதியத்தை அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப்பின் பல வருடம் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சித்தப்பா போலீசுக்குப் போயிருப்பார். போகத்தான் இருந்தார். நான் அந்த முடிவைச் சொல்லாமல் இருந்திருந்தால், அல்லது தெரியவில்லை என்று சொல்லியிருந்தால், தொப்பியை எடுத்திருப்பார். ஒரு குழந்தையின் கர்வம் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பியது என்று என்னை நானே தின்றுகொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தப் படம் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. பெட்டாலிங் ஜெயாவில் வேலை முடிந்து ரயிலில் திரும்பும்போது கைப்பேசியில் பார்த்தேன். குப்பிகளைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. பழக்கத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டிருக்கிறேன். அதையும் பிறகுதான் கவனித்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிழல் வரும் இடம்வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்குப்பின் மூன்று நான்கு நிமிடம் இருந்தது. அதில் யாரும் எதுவும் பேசவில்லை. ஒரு வரிகூடத் திரையின் அடியில் வரவில்லை. கடைக்காரன் கதவைத் திறக்கிறான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். தெருவில் நடந்து போகிறான், போலீஸ் நிலையத்தின் படி ஏறுகிறான், இரண்டு கைகளையும் நீட்டுகிறான். விலங்கு பூட்டுகிறார்கள். உதவியாளன் அவனைக் கடந்து வெளியே வருகிறான். முடிந்தது.

வாசிக்க அதில் எதுவுமே இல்லை. எழுத்துத் தெரியாத ஒருவருக்கும் விளங்கும்.

அறை வாசலிலிருந்து தொலைக்காட்சி நேராகத் தெரியும். சித்தப்பா அந்த மூன்று நான்கு நிமிடமும் அங்கேதான் நின்றார். நான் கதவருகில் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதும் அவருக்குத் தெரியும், அனுப்பியவரே அவர்தான். கேட்டருகே பேசியதும் அந்தச் சின்ன வீட்டில் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அப்படியிருந்தும் என்னிடம் கேட்டார், இரண்டு முறை.

நான் சொல்லி முடித்தபோது அவர் சொன்னதை இதுவரை எழுதவில்லை. பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்தார்.

"நீ படிச்ச புள்ள" என்றார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. நான் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.